அலுப்புத் தீர ஆளுக்குப் பத்து நிமிடம்

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றால் மாத்திரை, ஊசி, ஆபரேஷன் இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு அவை எதுவும் இல்லை. கடையில் கிடைக்காத, காசு செலவில்லாத ஒரு மருந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்த மருந்து உங்கள் இரண்டு கைகளில்தான் இருக்கிறது. கை கால் பிடித்துவிடுவது, முதுகு நீவிவிடுவது, தலை அமுக்கிவிடுவது. இவ்வளவுதான் விஷயம்.

"இது எங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்பீர்கள். தெரிந்ததுதான். பட்டணத்தில் இதற்கு மசாஜ் என்று பெயர் வைத்து, மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்குகிறார்கள். நம் சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், பிடித்தல், அழுத்தல், அசைத்தல் என்று அதை 9 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் ஊர்ப் பழமொழி. வாணியன் என்றால் செக்கு ஆட்டி எண்ணெய் விற்பவர். ஆகவே எண்ணெயும் கையும் நமக்குப் புதிதல்ல. ஆனால், கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் இதைச் செய்துகொள்கிறோமா? அங்கேதான் குறை இருக்கிறது. அதைத்தான் பேச வந்தேன்.

அலுப்பு எங்கிருந்து வருகிறது?

நம் டெல்டாப் பக்கத்தில் நடவு வேலையைப் பாருங்கள். காலையில் வயலில் இறங்கினால் சேற்றில் கால், குனிந்த முதுகு. நாற்று முடியை ஒரு கையில் பிடித்து, மறு கையால் நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். நிமிர்ந்தால் பக்கத்தில் நடுகிறவர் முந்திவிடுவார். இடுப்பும், தொடையின் பின்பக்கமும், கட்டை விரலும் நாள் முழுவதும் ஓயாமல் உழைக்கின்றன. வீட்டுக்கு வந்தால் தண்ணீர்க் குடம், அடுப்பு, பாத்திரம், மாட்டுக்குத் தீனி. பெண்களுக்கு வேலை பொழுது சாய்ந்தும் முடிவதில்லை.

ஆண்களுக்கும் இதே கதைதான். மூட்டை தூக்கினால் தோள் விண்ணென்று தெறிக்கும். டிராக்டர் ஓட்டினால் அதன் ஆட்டம் முழுவதும் இடுப்பில் இறங்கும். கரண்ட் வரும் நேரம் பார்த்து நடுராத்திரியில் பம்புசெட்டுக்குப் போகிறவருக்குத் தூக்கம் ஏது?

இது உடம்பின் அலுப்பு. இதோடு மனத்தின் பாரமும் சேர்கிறது. குழுக் கடனுக்குத் தவணை, பெண்ணுக்கு வரன், பையன் படிப்பு, மழை வருமா வராதா என்ற கவலை. கவலை மனத்தில் மட்டும் இருப்பதில்லை, உடம்பிலும் இறங்குகிறது. எப்படி என்று கேளுங்கள்.

வரப்பில் நடக்கும்போது எதிரே பாம்பைப் பார்த்தால் என்ன ஆகிறது? நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மூச்சு வேகமாகிறது. தோள் உயர்ந்து, கழுத்து விறைத்து, பல் கடித்துக்கொள்கிறது. ஓடுவதற்கோ அடிப்பதற்கோ உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. பாம்பு போய்விட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் கடன் தவணை பாம்பு மாதிரி போய்விடுமா? அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் உடம்பும் விறைத்தபடியே இருக்கிறது. தோளும் கழுத்தும் கட்டை மாதிரி ஆகின்றன. தலை வலிக்கிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை. மறுநாள் காலையில் குழம்பில் உப்புக் கம்மி என்று ஒரு சண்டை. உண்மையில் அது உப்புச் சண்டையா? இல்லை. இரண்டு களைத்த உடம்புகளின் சண்டை.

இப்போது நாம் தேடும் பரிகாரம்

உடம்பு அலுப்புக்கு என்று சொல்லி ஆண்கள் சிலர் மதுக்கடைக்குப் போகிறார்கள். குடித்தால் உடனே கண் அசரும், வாஸ்தவம். ஆனால் அது நல்ல தூக்கமல்ல. நடுராத்திரியில் விழிப்பு வரும், காலையில் உடம்பு இன்னும் கனக்கும். கூலியில் பாதி கரைந்தது தனிக் கணக்கு.

பெண்கள் சிலர் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குகிறார்கள். என்றைக்கோ ஒரு நாள், டாக்டர் சொல்லிப் போட்டால் சரி. தினமும் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். வலி போன மாதிரி இருக்கும், உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும்.

கை பட்டால் என்ன நடக்கிறது?

இறுகிக் கிடக்கும் சதையை நிதானமாக அழுத்தி நீவினால் அது இளகுகிறது. தோலிலும் சதையிலும் தொடுகையை உணரும் நரம்புகள் நிறைய இருக்கின்றன. மெதுவான, சீரான அழுத்தம் கிடைத்தால், "பயமில்லை, ஓய்வெடு" என்ற செய்தி மூளைக்குப் போகிறது. நெஞ்சின் படபடப்புக் குறைகிறது. மூச்சு நிதானப்படுகிறது. பலருக்குக் கண் தானாகச் சொக்கும்.

ஆனால் இதை அளவுக்கு மீறிப் புகழ மாட்டேன். பிடித்துவிடுவதால் கிடைக்கும் சுகம் சில மணி நேரமோ ஓரிரு நாளோ இருக்கும். இது எந்த வியாதியையும் வேரோடு தீர்க்காது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தக் கூடாது. இது அன்றாட அலுப்புக்கு அன்றாட மருந்து. அன்றாடம் சோறு சாப்பிடுகிறோம், அல்லவா? அதுபோல.

யார் காலை யார் பிடிப்பது?

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். கூச்சப்படாமல் மனசுக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யார் காலை யார் பிடித்துவிடுகிறார்கள்?

"ஏ புள்ள, கொஞ்சம் காலைப் பிடி" என்று கணவர் படுத்துக்கொண்டு சொல்வார். மனைவி அரைத் தூக்கத்தில் உட்கார்ந்து பிடிப்பார். மாமியாருக்கு மருமகள் பிடிப்பார். தாத்தாவுக்குப் பேரப்பிள்ளை முதுகில் ஏறி மிதிப்பான். எல்லோருக்கும் யாராவது இருக்கிறார்கள். நாள் பூராவும் குனிந்து நட்டுவிட்டு வந்த அந்த அம்மாவின் காலை யார் பிடிக்கிறார்கள்? பிள்ளை பெற்றபோது தாய் வீட்டில் வெந்நீர் ஊற்றி உருவிவிட்டது. அதோடு சரி.

"பொம்பளை காலை நான் தொடுவதா? ஊர் சிரிக்காதா?" என்று பெரியவர் ஒருவர் ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டார். நான் அவரைத் திருப்பிக் கேட்டேன்: "ஐயா, உங்கள் கல்யாணத்தில் அம்மி மிதித்தீர்களா?" "மிதித்தோம்" என்றார். "அன்றைக்கு அம்மாவின் காலை அம்மி மேல் தூக்கி வைத்தது யார்? மெட்டி போட்டது யார்?" என்றேன். கூட்டமே சிரித்தது, அவரும் சிரித்தார். அம்மி மிதிக்கிற வழக்கம் உள்ள வீடுகளில், ஊரும் உறவும் பார்க்கத்தானே மாப்பிள்ளை பெண்ணின் காலைத் தொடுகிறார்? அன்றைக்கு இல்லாத வெட்கம் இன்றைக்கு எதற்கு?

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "அவர் என் காலைத் தொட்டால் பாவம்" என்று சிலர் காலை இழுத்துக்கொள்கிறீர்கள். வலிக்கிற காலைப் பிடித்துவிடுவதில் பாவம் ஏதும் இல்லை. மனசு ஒப்பவில்லை என்றால் கால் வேண்டாம். தோளும் முதுகும் கையும் இருக்கிறதே! "ஏங்க, தோள்பட்டை ரொம்ப வலிக்குது, கொஞ்சம் அமுக்கி விடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் அவருக்கு எப்படித் தெரியும்?

வீடு ஒற்றை அறை, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றால் திண்ணையில் உட்கார்ந்து தலையும் கையும் பிடித்துவிடலாம். பிள்ளைகள் பார்த்தால் பார்க்கட்டும். அப்பா அம்மாவுக்குத் தலை அமுக்கிவிடுவதைப் பார்த்து வளரும் பையன், நாளைக்குத் தன் மனைவிக்கும் செய்வான்.

செய்யும் முறை

முதலில் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மோதிரம், வளையல் உரசுமானால் கழற்றி வையுங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும்.

எண்ணெய் கட்டாயமில்லை. துணி மேலேயே பிடித்துவிடலாம். எண்ணெய் தடவுவதானால் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ 1 அல்லது 2 தேக்கரண்டி போதும். எண்ணெயை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். கிண்ணத்தில் ஊற்றி வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் இளஞ்சூடாகும். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்த பிறகே தடவ வேண்டும். முடிந்ததும் பாதத்தைத் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் எழுந்து நடக்கும்போது வழுக்கும்.

தோள்: அவரை உட்கார வைத்து நீங்கள் பின்னால் இருங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள சதையை இரண்டு கைகளாலும் பிடியுங்கள். சப்பாத்தி மாவு பிசைவதுபோல மெல்ல அழுத்தி, மனசுக்குள் 5 எண்ணி, விடுங்கள். கவலைப்படுகிறவர்களுக்கு முதலில் இறுகுவது இந்த இடம்தான். கழுத்தின் முன்பக்கம் கை போகக் கூடாது.

முதுகு: குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். நடுவில் ஓடும் முதுகெலும்பின் மேல் அழுத்தாமல், அதற்கு இரண்டு விரல் தள்ளி இருபுறமும் உள்ளங்கையால் இடுப்பிலிருந்து தோள் வரை நீவுங்கள். விரல் பலத்தால் அழுத்தினால் உங்கள் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். கையை நேராக வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, அந்தப் பாரத்தால் அழுத்துங்கள். இடுப்புக்கு மேலே, நடவு நட்டவர்களுக்கு வலிக்கும் இடத்தில், கட்டை விரலால் சிறு வட்டமாகத் தேய்த்துக் கொடுங்கள்.

கால்: உள்ளங்காலைக் கட்டை விரலால் குதிகாலிலிருந்து விரல் வரை அழுத்துங்கள். பிறகு கெண்டைக்காலைக் கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி, கீழிருந்து மேலாக நீவுங்கள். முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியை அழுத்த வேண்டாம்.

கை: நாற்றுப் பிடித்த கைக்கும், களைக்கொத்து பிடித்த கைக்கும் கட்டை விரலின் அடிச்சதைதான் அதிகம் வலிக்கும். அங்கே அழுத்திக் கொடுத்து, ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனி வரை உருவிவிடுங்கள்.

தலை: விரல் நுனிகளால் தலைத் தோலை மெல்ல அசையுங்கள். நெற்றிப் பொட்டில் லேசாக வட்டமிடுங்கள். இங்கே பலம் காட்ட வேண்டியதில்லை.

ஒவ்வோர் இடத்துக்கும் 2 நிமிடம் வைத்தால் மொத்தம் 10 நிமிடம். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். இருவருக்கும் களைப்பாக இருந்தால் இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முறையை மட்டும் மறக்கக் கூடாது!

நான்கு சொல் மறவாதீர்கள்

ஒன்று, கேட்டுச் செய்யுங்கள். "இவ்வளவு அழுத்தம் போதுமா?" என்று கேளுங்கள். எவ்வளவு பலமாக அழுத்துகிறோமோ அவ்வளவு நல்லது என்பது தப்பு. முகம் சுளித்தால் கையைத் தளர்த்துங்கள்.

இரண்டு, நிதானமாகச் செய்யுங்கள். அவசரக் கையால் அலுப்புத் தீராது.

மூன்று, அந்த 10 நிமிடத்தில் கடன் கணக்குப் பேசாதீர்கள். மாமியார் குறை, மைத்துனர் குறை, எதுவும் வேண்டாம். கைப்பேசியும் வேண்டாம்.

நான்காவது, முக்கியமானது. பிடித்துவிட்டதற்குக் கூலி கேட்காதீர்கள். நான் என்ன சொல்கிறேன் என்று மணமானவர்களுக்குப் புரியும். "அவர் தொட்டாலே வேறு எதற்கோதான்" என்று பயந்து, வலியோடு திரும்பிப் படுத்துக்கொள்ளும் தாய்மார்கள் உண்டு. எதையும் எதிர்பார்க்காமல் தொடுகிற கைதான் அலுப்பை ஆற்றும். அவள் நிம்மதியாகத் தூங்கிவிட்டால், உங்கள் கை நன்றாக வேலை செய்திருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள். இருவருக்கும் விருப்பம் உண்டானால் அது வேறு விஷயம். ஒருவர் விருப்பத்தை மற்றவர் மேல் திணிக்கக் கூடாது.

ஜாக்கிரதை! இங்கெல்லாம் கை வைக்கக் கூடாது

நெஞ்சு வலியைத் தேய்க்காதீர்கள். நடு நெஞ்சில் பாரம் வைத்தது போல வலி, அது தோளுக்கோ இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால், "வாயுப் பிடிப்பு" என்று எண்ணெய் தேய்த்து நேரத்தைப் போக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் பிடித்துவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகும், ஆபரேஷன் முடிந்தும், பல நாள் படுக்கையில் இருந்தும் இப்படி வரலாம். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அழுத்தினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும். டாக்டரிடம் போங்கள். நரம்பு சுருட்டிப் புடைத்திருக்கும் கால்களையும் அழுத்தக் கூடாது.

விழுந்து அடிபட்டு வீங்கிய இடத்தை உருவக் கூடாது. முதல் 2 நாள் ஈரத்துணி ஒத்தடம் கொடுத்து, அசைக்காமல் வையுங்கள். எலும்பு முறிந்ததா என்று ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், புண், கட்டி, தோல் நோய் இருந்தால் வேண்டாம். சர்க்கரை வியாதி உள்ளவர்களின் பாதம் மரத்துப் போயிருக்கலாம். சூடு தெரியாது, காயமும் தெரியாது. அவர்களுக்குச் சுடு எண்ணெய் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. தோளையும் கையையும் மெல்லப் பிடித்துவிடலாம், இடதுபக்கம் சாய்ந்து படுக்க வைத்து இடுப்பை நீவிவிடலாம். முகமும் கையும் வீங்கி, தலைவலி, கண் மங்கல் இருந்தால் அது அலுப்பு அல்ல, உடனே ரத்தக் கொதிப்பைப் பார்க்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனோ சிசேரியனோ செய்துகொண்டவர்களுக்கு, காயம் ஆறி டாக்டர் சொல்லும் வரை வயிற்றில் கை வைக்காதீர்கள்.

கழுத்தைப் பிடித்துத் திருகிச் சொடக்கு எடுப்பதை விட்டுவிடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கழுத்தில் இருக்கிறது. திருகும்போது அது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அதேபோல, வயதானவர்கள் முதுகில் பிள்ளைகளை ஏற்றி மிதிக்கச் சொல்லாதீர்கள். அவர்கள் எலும்பு முற்றிய முருங்கைக் கிளை மாதிரி, பார்க்கத் தடிமன், ஒடிந்தால் சட்டென்று ஒடியும்.

கையால் தீராத கவலை

பிடித்துவிட்டும் ஓய்வெடுத்தும் தீராத பாரம் சிலருக்கு இருக்கும். 2 வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால், அது மனநோயின் அறிகுறி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேய் பிசாசும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். 104-க்கோ, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மனநல உதவி எண் 14416-க்கோ போன் செய்து பேசுங்கள்.

வீட்டில் அடி உதை இருக்கிறது என்றால் அதை அலுப்பு என்று மழுப்பாதீர்கள். அடிக்கிற கை, பிடித்துவிட்டாலும் ஆறுதல் தராது. பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது.

நாள்பட்ட முதுகு வலி, மூட்டு வலி உள்ளவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் அதில் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊருக்கு எந்த நாளில் வருகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே! நம் கவலைகளுக்கு எல்லாம் மருந்து கண்டுபிடித்துக் கொடுக்க என்னால் முடியாது. மழையை நான் வரவழைக்க முடியாது, கடனை நான் அடைக்க முடியாது. ஆனால் அந்தக் கவலையை இருவரும் சேர்ந்து சுமக்கலாம். ஒருவர் உடம்பு நோகிறது என்பதை மற்றவர் கண்டுகொண்டாலே பாதிப் பாரம் குறையும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆண்கள் முதலில் கேளுங்கள்: "உனக்கு எங்கே வலிக்குது?" பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகலாம், இத்தனை வருஷமாகக் கேட்காத கேள்வி அல்லவா! பொறுமையாக இருந்து, அவர் காட்டும் இடத்தில் 10 நிமிடம் கை வையுங்கள். நாளைக்கு உங்கள் முறை வரும்.